கெடு வைத்துக் கேட்ட கதைகள்
வங்காளத்துப் பூஜை மலர்களும் நம் பண்டிகை எழுத்தும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால், யார் பெயரில் அறக்கட்டளையோ அவரைப் பற்றிப் பாதி நேரம் பேசுவது வழக்கம். இதை நிறுவிய குடும்பத்தார் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "அப்பா தீபாவளி மலர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். பண்டிகைக் காலத்தில் வரும் கவிதை, கதை, சிறுவர் எழுத்து இவற்றைப் பற்றிப் பேசினால் போதும்" என்றார்கள். நான் அதை வங்காளத்தின் வழியாகப் பேசப் போகிறேன். பண்டிகையும் இலக்கியமும் அங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதுபோல இந்தியாவில் வேறெங்கும் பிடித்துக்கொண்டதில்லை என்பது என் எண்ணம். மராட்டியர்கள் சண்டைக்கு வரலாம். வருவதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. 1909-இல் 'மனோரஞ்சன்' இதழின் தீபாவளிச் சிறப்பிதழைக் கொண்டுவந்து இந்த வழக்கத்துக்கு அங்கே பிள்ளையார் சுழி போட்டவர் காசிநாத் ரகுநாத் மித்ரா. ஆஜ்காவ்கர் என்ற தம் குடும்பப் பெயரை விட்டு மித்ரா என்ற வங்காளப் பெயரைச் சூட்டிக்கொள்ளும் அளவுக்கு வங்க இலக்கியத்தின் மேல் அவருக்குக் காதல். ஆகவே அந்த வழக்கையும் வங்காளத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறேன்.

துர்க்கா பூஜை வருவது புரட்டாசி, ஐப்பசியில். பூஜை மலர்களோ இப்போதெல்லாம் ஆடி, ஆவணியிலேயே கடைக்கு வந்துவிடுகின்றன. கொல்கத்தாவின் குமார்துலியில் சிலைக்காரர்கள் அப்போதுதான் வைக்கோல் கட்டி மண் பூசிக்கொண்டிருப்பார்கள். அம்மனுக்குக் கண் திறந்திருக்காது, அவள் பெயரைச் சொல்லி மலர் விற்றுக்கொண்டிருக்கும்.

மலர் என்றதும் நம் தீபாவளி மலரை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நம் மலரின் பெருமை வழவழப்பான தாளும் வண்ணமும். முதல் பக்கத்தில் காஞ்சிப் பெரியவரின் அருளுரை, பிறகு சில்பியின் கோயில் சித்திரங்கள், கோபுலுவின் கோடுகள், சங்கீதக் கட்டுரை, யாத்திரைக் கட்டுரை, இவற்றுக்கு நடுவே சிறுகதைகள். வங்காளத்தின் 'தேஷ்' இதழின் பூஜை மலரைத் திறந்தால் அம்மன் அட்டையோடு நின்றுவிடுவாள். உள்ளே ஐந்தாறு முழு நாவல்கள் இருக்கும். தொடர்கதை கிடையாது, ஒரே இதழில் ஆரம்பித்து அதிலேயே முடியும் நாவல்கள். நமக்கு அந்தத் தேவை எழவில்லை. நம் நாவல் வாரந்தோறும் வளர்ந்த நாவல். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் ஓடியது. அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கப் பழகிய வாசகர், தீபாவளிக்கு நாவல் கேட்கவில்லை. கதைகளையும் படங்களையும் கேட்டார்.

வங்காளத்தில் நாவல் மலருக்குள் வந்ததற்குப் பணமும் ஒரு காரணம். பூஜைக்கு போனஸ் வரும். போனஸ் வந்தால் புதுத்துணி வாங்குவார்கள், அந்தக் கையோடு வீட்டுக்கு ஒரு மலரும் வாங்குவார்கள். துணிக்கடையும் எண்ணெய்க் கம்பெனியும் பக்கம் பக்கமாக விளம்பரம் தருவார்கள். அந்த வருமானத்தில்தான் பத்திரிகை எழுத்தாளருக்குக் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்க முடிந்தது. கொடுத்ததால் கேட்கவும் முடிந்தது. ஆசிரியர் கோடையிலேயே ஆளனுப்பி, இந்தத் தேதிக்குள் நாவல் வேண்டும் என்பார். எழுத்தாளர் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். கடைசியில் எழுதிக் கொடுப்பார்.

இப்படிக் கெடு வைத்து வாங்குவது நல்ல இலக்கியமாகுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் ஆகாதுதான். ஒரே பருவத்தில் நாலைந்து மலர்களுக்கு நாலைந்து நாவல் எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றின் கடைசி அத்தியாயம் அச்சுக்கூடப் பையன் வாசலில் நிற்க எழுதப்பட்டது என்பது படிக்கும்போதே தெரியும். ஆனாலும் தேறியவற்றைப் பாருங்கள். 1940-ஆம் ஆண்டு ஆனந்தபஜார் பத்திரிகையின் பூஜை மலரில் தாகூரின் 'லாபரேட்டரி' வந்தது. எண்பதை நெருங்கிவிட்ட கவிஞர். அவர் மறைவுக்கு முந்தைய பூஜை அது. சோகினி என்ற அந்தக் கதைப் பெண், ஊர்ப்பேச்சுக்கும் ஒழுக்க இலக்கணத்துக்கும் அடங்காமல், இறந்த கணவனின் ஆராய்ச்சிக்கூடத்தைக் காப்பதையே தன் தர்மமாக வைத்திருப்பவள். தாகூர் படைத்த பெண்களில் இவளளவு துணிச்சல்காரி வேறு யாரும் இல்லை என்பேன். பண்டிகை மலரைப் புரட்டிய வீட்டுப் பெரியவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடம் போகாதவர், கூட்டுக் குடும்பத்து மருமகள். பதின்மூன்று வயதில் சிறுவர் இதழ் ஒன்றில் கவிதையோடு தொடங்கியவர். பெரியவர்களுக்கென்று அவர் எழுதிய முதல் கதைக்கு இடம் கொடுத்தது ஆனந்தபஜாரின் பூஜை மலர். ஞானபீட விருது பெற்ற முதல் பெண்மணி அவர்தான். 1966-இல் 'தேஷ்' பூஜை மலருக்காக ஆசிரியர் சாகர்மய் கோஷ் ஒரு இளம் கவிஞரிடம் நாவல் கேட்டார். அதுவரை நாவலே எழுதியிராத அந்தக் கவிஞர் சுனில் கங்கோபாத்யாய், வந்த நாவல் 'ஆத்மப்ரகாஷ்'. அடுத்த ஆண்டு அதே மலரில் சீர்ஷேந்து முகோபாத்யாயின் முதல் நாவல் 'குண்போகா'. முதல் நாவலை, அதுவும் பெயர் தெரியாதவரின் முதல் நாவலை, ஆண்டிலேயே மிக அதிகம் விற்கும் இதழில் போடுவதற்கு ஆசிரியருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

1973-இல் 'பிரசாத்' என்ற இதழின் பூஜை மலரில் மகாஸ்வேதா தேவியின் 'ஹஜார் சுராஷிர் மா' வெளிவந்தது. '1084-இன் அம்மா' என்று தமிழிலும் படித்திருக்கிறோம். நக்சலைட்டு மகனின் பிணத்தை எண்ணாக அடையாளம் காட்டும் அந்தக் கதையைக் கொல்கத்தாக்காரர்கள் புதுத்துணியோடும் சந்தேஷ் மிட்டாயோடும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பண்டிகை மலர் என்றால் மங்கலமாக இருக்க வேண்டும் என்ற நம் ஊர் விதி அங்கே செல்லவில்லை. நம் மலர்களில் எழவு விழக்கூடாது. பெரிய எழுத்தாளரே தந்தாலும் ஆசிரியர் "பண்டிகையும் அதுவுமாக..." என்று இழுப்பார்.

கவிதைக்கு வருகிறேன். இங்கே என் உற்சாகம் குறைகிறது. பூஜை மலரில் கவிதை ஏராளமாக இருக்கும். எல்லாக் கவிஞரிடமும் ஆளுக்கு ஒன்று கேட்டு வாங்கி, பக்கத்துக்கு இரண்டு மூன்றாக அடுக்கிவிடுவார்கள். நாவலாசிரியருக்கு நாற்பது பக்கம் கொடுக்கும் மலர், கவிஞருக்குக் கால் பக்கம் கொடுக்கிறது. அவரும் அந்தக் கால் பக்கத்துக்குத் தகுந்ததைத்தான் அனுப்புகிறார். வங்கத்தின் புதுக்கவிதை வளர்ந்தது சிற்றிதழ்களில். புத்ததேவ போஸ் 1935-இல் தொடங்கிய 'கவிதா'வில்தான் ஜீவனானந்த தாஸின் 'வனலதா சென்' வந்தது. சுனிலும் நண்பர்களும் 1953-இல் 'கிருத்திவாஸ்' தொடங்கினார்கள். இங்கேயும் கதை அதுதான். ந. பிச்சமூர்த்தியையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் தாங்கிப் பிடித்தது சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து'. எந்தத் தீபாவளி மலரும் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கெடு வைத்து நாவல் வாங்கலாம், கவிதை வாங்க முடியாது என்பதற்கு இரண்டு மொழிகளும் சாட்சி.

ஆனால் அதே கவிஞர்கள் பண்டிகைக்காக வேறொன்று செய்தார்கள். நான் இன்று பேச வந்ததே அதைத்தான். அவர்கள் குழந்தைகளுக்கு எழுதினார்கள்.

தேவ் சாகித்ய குடீர் என்ற பதிப்பகம் சிறுவர்களுக்காகப் பூஜைதோறும் ஆண்டு மலர் கொண்டுவந்தது. கெட்டி அட்டை போட்ட புத்தகம், ஆண்டுக்கு ஒரு புதுப்பெயர். 1945-இல் 'ஆல்பனா' என்ற பெயரில் வந்த மலரில் 'மஷா', அதாவது 'கொசு', என்றொரு கதை. எழுதியவர் பிரேமேந்திர மித்ரா. வங்கப் புதுக்கவிதையின் முன்னோடிகளில் ஒருவர், சினிமா டைரக்டரும்கூட. கொல்கத்தா மெஸ் ஒன்றில் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கும் ஒல்லி மனிதர் கனாதா, சக வாசிகளிடம் அளந்துவிடுகிறார். வாழ்க்கையில் தான் அடித்தது ஒரே ஒரு கொசுதானாம், அதுவும் சகாலின் தீவிலாம். அளப்பு அத்தனையும் பொய், ஆனால் அதில் வரும் பூகோளமும் விஞ்ஞானமும் பெரும்பாலும் மெய். கனாதா அதன்பின் பல பத்தாண்டுகள் அளந்துகொண்டே இருந்தார்.

சத்யஜித் ரேயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அப்பா சுகுமார் ரே நடத்தினார். நின்றுபோன அதை ரே 1961-இல் மறுபடி கொண்டுவந்தபோது உடன் ஆசிரியராக அமர்ந்தவர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய். பிற்பாடு ஞானபீடம் பெற்றவர், கம்யூனிஸ்ட், சிறை சென்றவர். அவர் பிள்ளைகளுக்கான இதழைத் திருத்திக்கொண்டிருந்தார். 'ஆனந்தமேளா' என்ற சிறுவர் இதழின் ஆசிரியராக நெடுநாள் இருந்தவர் கவிஞர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தி. சாகித்ய அகாதெமி விருது வாங்கிய கையோடு அங்கே போய் உட்கார்ந்தார். சித்திரக்கதை நாயகன் டின்டினை வங்காளத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. டின்டினின் நாய்க்குக் 'குட்டுஸ்' என்று அவர் வைத்த பெயர் இன்று வங்காள வீடுகளில் நிஜ நாய்களுக்கும் இருக்கிறது.

சந்தேஷில் 1965-இல் பிறந்த துப்பறிவாளர் ஃபெலுதாவை, 1970 முதல் 'தேஷ்' பூஜை மலர் கேட்டு வாங்கிக்கொண்டது. 'தேஷ்' பெரியவர்களின் இதழ். பள்ளியில் படிக்கும் பையன் சொல்வதாக வரும் கதை அதில் போய்ச் சேர்ந்தது. 1971 பூஜையை நினைத்துப் பாருங்கள். எல்லையில் அகதிகள், நகரத்தில் குண்டுவீச்சும் கொலையும், போர் வருமோ என்ற பேச்சு. அந்த மலரில் ரே தந்தது 'சோனார் கேல்லா'. முற்பிறவி நினைவிருப்பதாகச் சொல்லும் ஒரு சிறுவனுக்காக ஜெய்சல்மேர் வரை போகும் கதை. மூன்றாண்டில் அதையே படமாக்கினார். இன்றும் ஜெய்சல்மேர்க் கோட்டையில் வங்காளக் குடும்பங்கள் வந்து குவிவதற்கு அந்தப் பூஜை மலர்தான் மூல காரணம். ரேயின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஃபெலுதாவின் உலகத்தில் பெண்கள் அநேகமாக இல்லை. பெண்பிள்ளைகள் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டு படித்தார்கள் என்பது எனக்கு வியப்பு.

சுனில் பெரியவர்களுக்குக் காதலும் வரலாறும் எழுதிய கையால் ஆனந்தமேளாவுக்கு ஊன்றுகோல் பிடித்த சாகசக்காரர் காகாபாபுவை எழுதினார். சீர்ஷேந்து பேய்களை எழுதினார், அதுவும் பிள்ளைகளோடு சிநேகமாக இருக்கும் பேய்கள். இவர்கள் யாரும் குழந்தை எழுத்தாளர் என்று தனிப் பந்தியில் அமரவில்லை. பூஜை வந்தால் பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பத்திரிகைகள் கேட்டன, கொடுத்தார்கள்.

தமிழில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. நமக்குக் குழந்தை எழுத்து இல்லாமல் போய்விடவில்லை. வங்கி வேலை பார்த்துக்கொண்டே அழ. வள்ளியப்பா செய்ததை ஒரு இயக்கம் என்றே சொல்ல வேண்டும். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். அம்புலிமாமா 1947-இலேயே வந்துவிட்டது. 'கண்ணன்' இருந்தது, 1972 முதல் 'கோகுலம்' இருந்தது. பெரியசாமித் தூரன் குழந்தைகளுக்கென்றே கலைக்களஞ்சியம் தொகுத்தார். ஆனால் அந்தத் தொண்டு தனி வீடாகவே இருந்துவிட்டது. மணிக்கொடிக்காரர்களும் எழுத்துக்காரர்களும் அந்த வீட்டுக்கு எப்போதாவது வந்துபோன விருந்தாளிகள். கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்', தினமணி சிறுவர்மணியில் ஜெயமோகன் எழுதிய 'பனிமனிதன்', கவிஞரும் நாவலாசிரியருமான யூமா வாசுகி மலையாளத்திலிருந்து விடாமல் கொண்டுவரும் சிறுவர் நூல்கள் என்று சொல்லிக்கொண்டு போகலாம். சொல்லும்படி இருப்பதே அவை விதிவிலக்கு என்பதைக் காட்டுகிறது. புதுமைப்பித்தனிடம் ஒரு தீபாவளிக்குச் சிறுவர் கதை கெடு வைத்து வாங்கியிருந்தால் என்ன வந்திருக்கும்? அவர் கதையில் கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்குக் கடவுள் வந்தபோது அவரோடு முதலில் ஒட்டிக்கொள்வது அந்த வீட்டுக் குழந்தைதான் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

இன்று தீபாவளி மலர்கள் மெலிந்துவிட்டன. கல்கி வார இதழின் அச்சுப் பதிப்பே 2020-இல் நின்றது. ஆனால் தமிழ் எழுத்தாளருக்குக் கெடு இல்லாமல் போகவில்லை, தீபாவளியிலிருந்து பொங்கலுக்கு நகர்ந்துவிட்டது. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது நம் பூஜைப் பருவம். நாவலும் கவிதைத் தொகுப்பும் மார்கழிக் கடைசியில் அச்சகத்திலிருந்து சூடாக வருகின்றன. பொங்கலுக்கும் எழுத்துக்கும் இங்கே பழைய உறவும் உண்டு. திராவிட இயக்க இதழ்கள் பொங்கல் மலர் போட்டன. அண்ணா தம்பிக்கு எழுதிய கடைசிக் கடிதம் 1969 'காஞ்சி' பொங்கல் மலரில்தான் வந்தது.

காட்சிக்குக் கெடு உண்டு, கேட்கும் ஆசிரியர்தான் இல்லை. எழுத்தாளர் தானே எழுதி, தானே நேரம் பார்த்து, பதிப்பாளரிடம் கொடுக்கிறார். அவரிடம் யாரும் "இந்தத் தையில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்று வேண்டும்" என்று கேட்பதில்லை. மராட்டியத்தில் அரசுப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியே 1971 முதல் 'கிஷோர்' என்ற சிறுவர் மாத இதழை நடத்துகிறது, அதற்குத் தீபாவளிச் சிறப்பிதழும் உண்டு. நம் பள்ளிக் கல்வித் துறை 2022-இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைத் தொடங்கியது. அவற்றுக்கு ஒரு பொங்கல் மலர் போடலாம். அதற்கு ஒரு கவிஞரை ஆசிரியராக உட்காரவைத்து, நல்ல ஊதியம் கொடுத்து, யாரிடம் வேண்டுமானாலும் கதை கேட்கலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். இந்த அறக்கட்டளையார் சம்மதித்தால் எனக்கு இன்று தரவிருக்கும் சன்மானத்தை அந்த மலரின் முதல் கதைக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளலாம். கெடு ஐப்பசி முதல் தேதி.