ஒரு குழந்தையும் பல கைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. அதற்குரிய புலமை நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து காலம் கழித்தவர் நாம். ஆதலின் நாம் அறிந்த இடத்தைப் பற்றியே பேச விழைகிறோம். அவ்விடம் நம் ஊர் இரயில் நிலையம். அங்கே துணையின்றி வந்திறங்கும் குழந்தைகளையும், அவர்களைக் காக்கும் பல அலுவலகங்களையும், அவற்றோடு நாம் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமையையும் பற்றிச் சில சொற்கள் கூறுகிறோம்.

தெற்கிலிருந்து தலைநகர் செல்லும் வண்டிகள் நம் சந்திப்பில் நின்று செல்கின்றன. கிராண்ட் டிரங்க் வண்டி வந்து நின்றால் நடைமேடையெங்கும் தமிழொலி கேட்கும். நமக்கும் ஊர் நினைவு வரும். அவ்வண்டிகளிலே எவருமின்றி வரும் சிறுவரும் உண்டு. வீட்டில் அடிபட்டு ஓடி வந்தவர், திருவிழாக் கூட்டத்தில் கை தவறியவர், வேலைக்கென அழைத்துவரப்பட்டுத் தப்பியவர் எனப் பல வகையினர். இரயில்வே பாதுகாப்புப் படை 2018-ஆம் ஆண்டில் 'நன்ஹே ஃபரிஷ்தே', அதாவது 'சின்னஞ்சிறு தேவதைகள்' என்னும் பெயரால் ஒரு மீட்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. அது முதல் 2024 மே மாதம் வரை அப்படையினர் மீட்ட குழந்தைகள் 84,000-க்கும் மேற்பட்டோர். எண்ணிப் பாருங்கள், ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகை அது!

அத்தகைய குழந்தை ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகுத்துள்ளது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அக்குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டது அக்குழு. அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். குழந்தை தங்குவதற்கு இல்லம் உண்டு. வீட்டை விசாரிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. பெரிய நிலையங்கள் பலவற்றில் குழந்தைகள் உதவி மையங்கள் உண்டு. இவற்றோடு 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. 1996-இல் மும்பையில் தொண்டு முயற்சியாகத் தோன்றிய அவ்வுதவி எண் நாடெங்கும் பரவி, 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் இயங்கி வருகிறது.

இவையெல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் உள்ளவை அல்ல என்பதை நாம் கருத வேண்டும். பாதுகாப்புப் படை மத்திய அரசுக்கு உரியது. இரயில்வே காவல் துறை மாநில அரசுக்கு உரியது. இல்லங்கள் பல இடங்களில் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. மருத்துவமனை ஒரு துறை, பள்ளி ஒரு துறை, தொழிலாளர் நலம் ஒரு துறை. ஒருவர்க்கு மற்றவர் மேலதிகாரி அல்லர். ஒற்றைத் தடங்களில் முன்பு 'டோக்கன்' என்னும் அடையாளத்தை நிலையத்தார் ஓட்டுநர் கையில் கொடுப்பர். அது கைக்கு வாராமல் வண்டி அடுத்த நிலையத்திற்குப் புறப்படாது. இக்குழந்தைகளின் செய்தியில் அத்தகைய டோக்கன் யாதெனில், குழந்தையின் வாய்ச்சொல்லே. அச்சொல் பிழையாகக் கை மாறினால் எல்லா அலுவலகங்களும் உழைத்தும் பயனில்லை. இதனை நாம் கண்ணாரக் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்து விடியற்காலையில், மூன்றாம் நடைமேடையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைப் படையினர் கண்டனர். இரு கைகளிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். இந்தி அறியாதவன். அன்றே அவனைக் குழுவின் முன் நிறுத்தினர், மருத்துவரிடம் காட்டினர், இல்லத்தில் சேர்த்தனர். ஊர் எது என்று கேட்டதற்கு அவன் 'எழுமலை' என்றான். அங்கே தமிழ் சிறிது அறிந்த ஒருவர் இருந்தார். உதவும் நல்லெண்ணத்தோடு அவர், "ஏழு மலை என்றால் திருமலைதான்" என்று கூறிவிட்டார். ஏட்டில் திருமலை என்று ஏறிற்று. கடிதம் ஆந்திர மாநிலம் சென்றது. அங்குள்ளோர் தேடிப் பார்த்து, இத்தகைய சிறுவன் காணாமற்போனதாகப் பதிவு ஏதும் இல்லை என்று மறுமொழி எழுதினர். இவ்வாறு பத்தொன்பது நாட்கள் கழிந்தன.

அப்பத்தொன்பது நாட்களும் நாம் எங்கே இருந்தோம்? இங்கேதான் இருந்தோம். இரண்டாம் நாளே தேநீர் வேளையில் சக ஊழியர் ஒருவர், "உங்கள் மதராசிப் பையன் ஒருவன் அகப்பட்டானாம்" என்று சொன்னார். 'அதற்கென அலுவலர் இருக்கின்றனர்' என்று எண்ணி நாம் சாளரத்தைத் திறந்து அமர்ந்தோம். அந்த வாரம் சங்கத்தின் பொங்கல் விழா ஒத்திகை வேறு. 'தமிழ் வாழ்க' என்று நாம் முழங்கிய மண்டபத்திற்கும், தமிழன்றி வேறொன்றும் அறியாத அச்சிறுவன் படுத்திருந்த இல்லத்திற்கும் இடையே இருந்த தொலைவு இரண்டே கிலோமீட்டர்.

இருபதாம் நாள் இல்லத்தின் பணியாளர் ஒருவர் நம் சாளரத்திற்கு வந்து, தமிழ் அறிந்தவர் எவரேனும் உண்டா என்று வினவினார். அன்று மாலையே சென்றோம். சிறுவன் முதலில் வாய் திறக்கவில்லை. "தம்பி, சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டோம். நிமிர்ந்து பார்த்தவன், தேம்பித் தேம்பி அழுதான். பின்னர் எல்லாம் சொன்னான். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள எழுமலைப் பகுதியே அவன் ஊர். தந்தை இல்லை. தாயிடம் முன்பணம் கொடுத்து, முறுக்குச் சுடும் வேலைக்கென ஒருவர் அவனை அழைத்து வந்திருக்கிறார். அங்கே இன்னும் இரு சிறுவர் இருப்பதாகவும், கதவைத் திறந்து தன்னை அனுப்பியவர்கள் அவர்களே என்றும் கூறினான்.

கால் மணி நேரத்தில் திருமலை எழுமலையாயிற்று. அதன் பின் அதே அலுவலகங்கள்தாம் எவ்வளவு விரைவாக இயங்கின! இங்குள்ள குழு மதுரைக் குழுவுக்கு எழுதிற்று. மதுரை மாவட்ட அலகைச் சேர்ந்தோர் ஊருக்குச் சென்றனர். அங்கன்வாடி அம்மையார், தாம் எடை பார்த்து வளர்த்த பிள்ளை என்று வீட்டை அடையாளம் காட்டினார். பள்ளித் தலைமை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். நான்காம் நாள் தாயின் குரலைச் சிறுவன் தொலைபேசியில் கேட்டான். முன்பணம் வாங்கிய வீடாதலின் உடனே ஒப்படைத்துவிடவில்லை. தக்க துணையோடு மதுரைக் குழுவிடம் அனுப்பி, அவர்கள் விசாரித்த பிறகே தாயிடம் சேர்த்தனர். மீண்டும் பள்ளிக்குச் செல்கிறான் என்று பின்னர் செய்தி வந்தது.

மற்ற இருவர்? கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 முதல் உள்ளது. பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டின் திருத்தம் தடுக்கிறது. சிறுவன் சொன்ன அடையாளத்தைக் கொண்டு தொழிலாளர் துறையினரும் காவல் துறையினரும் அந்நகருக்குச் சென்றனர். கூடம் பூட்டிக் கிடந்தது, அடுப்பு ஆறியிருந்தது. எட்டு நாட்களுக்கு முன்பே காலி செய்து போய்விட்டதாக அண்டை வீட்டார் கூறினர். அவ்விரு சிறுவர் எங்கே என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. இரண்டாம் நாளே நாம் எழுந்து சென்றிருந்தால் அவர்களும் மீண்டிருப்பர். இதனைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம்.

அன்பர்களே! நாம் வேண்டுவது நான்கு செயல்கள். ஒன்று, 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், மாவட்டப் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் எனக் கூறுகின்றன. அதில் தமிழுக்கென நம் சங்கத்தார் பெயர்கள் இடம்பெற வேண்டும். இரவில் அழைத்தாலும் செல்லக் கூடியவராக இருத்தல் வேண்டும். இரண்டு, குழந்தையை உரிமை கோரி வருபவரே அதன் மொழிபெயர்ப்பாளராக இருத்தல் கூடாது. 'மாமன்' என்று வருபவர் முதலாளியாக இருக்கலாம். குழந்தை சொல்லும் ஊர்ப் பெயரை நாமே தமிழில் எழுதிக் கொடுப்போம். மூன்று, இரக்கத்தால் வீட்டுக்கு அழைத்துச் செல்வதும், காசு கொடுத்து வண்டி ஏற்றுவதும், படமெடுத்துப் பரப்புவதும் வேண்டா. அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. 1098-ஐ அழையுங்கள், வண்டியில் இருந்தால் 139-ஐ அழையுங்கள். நான்கு, நம் ஊருக்குக் கூலி வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளை அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்று பெயர் எழுதுவிப்போம். 1975 அக்டோபர் 2 முதல் நடைபெறும் அத்திட்டம் உணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எல்லாம் தருகிறது. பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளை வாராவிடில், கேட்க ஒருவர் இருப்பார்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். தேர் பெரிது; வடம் நீளம்; அரசு அலுவலகங்கள் பல கைகளால் இழுக்கின்றன. நாம் இன்னும் வேடிக்கை பார்த்து நிற்றல் தகாது. வாயிலருகே ஒரு தாள் வைத்துள்ளோம். அதில் முதற்பெயர் நம்முடையது. அதன் கீழே இடம் நிறைய உண்டு.