அணிகள் பெருகினால் ஆட்டம் வளருமா?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டிலிருந்து வந்திருக்கே, ஏதாவது பேசு. ஆனா வேலை, விசா, சம்பளம் மூணும் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டுவிட்டார். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் டொரண்டோவில் மிச்சம் இருப்பது இரண்டுதான். ஒன்று குளிர், மற்றது ஐஸ் ஹாக்கி. குளிரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அதனால் ஹாக்கி.

இது தியான்சந்த் ஆடிய ஹாக்கி இல்லை. பனித்தளத்தின் மேல், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பக்கத்துக்கு ஆறு பேராக, பந்துக்குப் பதில் மூன்று அங்குல ரப்பர் வில்லையை அடித்து ஆடுவது. இதன் மிகப் பெரிய தொழில்முறைப் போட்டி நேஷனல் ஹாக்கி லீக். 1917-ல் மாண்ட்ரியலில் தொடங்கியது. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 32 அணிகள். இன்னும் சேர்க்கலாமா, கூடாதா? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டை ஓயவே ஓயாது. நானும் ஒரு கட்சியில் இருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1942 முதல் 1967 வரை ஆறே அணிகள்தான். மாண்ட்ரியல், டொரண்டோ, பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட். அந்தக் காலத்தின் பிற்பகுதியில் ஒரு பருவத்துக்கு ஓர் அணிக்கு 70 ஆட்டம். எதிரணிகள் ஐந்து. அப்படியென்றால் ஒவ்வொரு எதிரணியோடும் 14 முறை! பங்காளிச் சண்டை மாதிரி பகை முற்றிப்போகும். ரசிகனுக்குக் கொண்டாட்டம். 1967-ல் ஒரே மூச்சில் ஆறைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். எங்கள் டொரண்டோ அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது அந்த விரிவாக்கத்துக்குச் சற்று முன், அதே 1967-ல்தான். அதனாலேயே எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு "புது அணி" என்றாலே வயிற்றெரிச்சல்.

"அணி கூடினால் தரம் குறையும், அத்தனை நல்ல ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது?" இதுதான் எதிர்க்கட்சியின் முதல் வாதம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1967-ல் ஆடியவர்கள் ஏறத்தாழ எல்லாருமே கனடாக்காரர்கள். பிறகு ஸ்வீடனும் ஃபின்லாந்தும் வந்தன. 1989-ல் சோவியத் கதவு திறந்தது. அமெரிக்கப் பையன்களும் கிளம்பிவிட்டார்கள். இன்று கனடாக்காரர்கள் பாதிக்கும் குறைவு. தொட்டி பெரிதாகியிருக்கிறது, குழாய் போட்டுக் கொள்ளலாம்.

"பாலைவனத்துல ஐஸா?" என்பது இரண்டாவது வாதம். இதற்கு நம் ரெஃப்ரிஜரேஷன் பாடமே பதில். கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்து, உறைநிலைக்குக் கீழே குளிர்வித்த உப்புக்கரைசலையோ கிளைக்காலையோ ஓடவிட்டால், மேலே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஐஸ் உறைந்து நிற்கும். வெளியே 45 டிகிரி வெயில் அடித்தாலும் மின்கட்டணம்தான் ஏறும், ஐஸ் உருகாது. பனியே பெய்யாத டாம்பா அணி 2004, 2020, 2021 என மூன்று முறை கோப்பை வென்றது. பனியிலேயே பிறந்து வளரும் மின்னசோட்டா மாநிலம் 1993-ல் தன் அணியை டல்லஸுக்குப் பறிகொடுத்தது. ஆக, பனி ஒரு காரணமே இல்லை.

அப்படியானால் எது காரணம்? ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். 1967 முதல் லீக்கில் புதிதாகச் சேர்ந்த அணிகளில் எத்தனை, சேர்ந்த ஊரிலேயே இருக்கின்றன?

1967-ல் வந்தவை 6, நிலைத்தவை 4. 1970 முதல் 1974 வரை வந்தவை 6, நிலைத்தவை 4. 1979-ல் போட்டி லீக் ஒன்று மூடப்பட்டபோது அங்கிருந்து வந்தவை 4. நிலைத்தது எட்மன்டன் ஒன்றுதான். 1991 முதல் 2000 வரை வந்தவை 9, நிலைத்தவை 8. பிறகு 2017-ல் லாஸ் வேகாஸ், 2021-ல் சியாட்டில், இரண்டும் இருக்கின்றன. மொத்தம் 27-க்கு 19.

"பரவாயில்லையே, எழுபது சதவீதம், ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே" என்பீர்கள். மீதி எட்டையும் பாருங்கள். கேன்சஸ் சிட்டிக்கு 1974-ல் அணி வந்தது, 1976-ல் போயே போய்விட்டது. அட்லாண்டா 1980-ல் ஓர் அணியை இழந்தது. 1999-ல் இன்னொன்று வந்தது, 2011-ல் அதுவும் வின்னிபெக்குக்குப் போனது. கியூபெக் 1995-ல் அணியை இழந்தது. டென்வருக்குப் போன அந்த அணி மறு வருஷமே கோப்பையை வென்றது! பெண்ணைப் பெற்று வளர்த்தது ஓர் ஊர், சீர் வாங்கியது இன்னோர் ஊர். அணி என்பது முதலாளிக்குச் சொத்து. அந்த ஊர்ப் பையனுக்கோ, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த முதல் ஆட்டம். அவனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

ஏன் போனார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றே மூன்று: பழைய அரங்கம், பலமில்லாத முதலாளி, வரவுக்கு மேல் செலவு. கியூபெக்குக்கும் வின்னிபெக்குக்கும் டிக்கெட் வசூல் கனடா டாலரில், ஆட்டக்காரர் சம்பளம் அமெரிக்க டாலரில். கனடா டாலர் சரிந்ததும் கணக்கு கவிழ்ந்தது. அப்போது சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை. 2004-05 பருவம் முழுவதும் கதவடைப்பில் வீணான பிறகுதான் அந்த வரம்பு வந்தது.

இன்னொன்று, புது அணிக்கு என்ன சரக்கு கொடுத்தோம் என்பது. புது அணி, பழைய அணிகளிலிருந்து ஆளெடுத்துத்தான் தொடங்கும். 1999-ல் அட்லாண்டா வந்தபோது பழைய அணி ஒவ்வொன்றும் 15 பேர் வரை "இவங்களைத் தொடாதே" என்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மிச்சம் மீதிதான் புது அணிக்கு. பதினோரு பருவம் ஆடி, அட்லாண்டா ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப் போனது. அதிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2017-ல் லாஸ் வேகாஸ் வந்தபோது அந்த ஒதுக்கீடு 11 பேராகக் குறைந்தது. வேகாஸ் முதல் பருவத்திலேயே இறுதிப் போட்டி வரை போனது, 2023-ல் கோப்பையே வாங்கியது. ஏன் இந்தத் தாராளம்? 2000-ல் நுழைவுக் கட்டணம் 8 கோடி டாலர். வேகாஸ் கொடுத்தது 50 கோடி. சியாட்டில் 65 கோடி.

தம்பிகளே, இங்கேதான் கவனிக்கணும். இந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது? பழைய அணிகளின் முதலாளிகளுக்கு. ஆட்டக்காரர்களுக்கு அதில் பங்கு கிடையாது. புது அணியைச் சேர்க்கலாமா என்று ஓட்டுப் போடுவது யார்? அதே முதலாளிகள்! பந்தியில் உட்கார்ந்திருப்பவனே பரிமாறவும் செய்தால் எப்படி இருக்கும்? ஊர் தயாரா என்று பார்ப்பதற்குமுன் காசோலை கண்ணில் படும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2026-27 பருவத்திலிருந்து ஓர் அணிக்கு 84 ஆட்டம். 32 அணிகளில் எல்லாரோடும் இரண்டிரண்டு முறை ஆடினால் 62 போக மிச்சம் 22. அணிகள் 36 ஆனால் மிச்சம் 14. பக்கத்து ஊர்ப் பகை என்ற அந்த ருசி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

ஆனாலும் நான் "சேர்க்காதே" கட்சி இல்லை. காரணம் ஒரு பையன். 1996-ல் வின்னிபெக்கிலிருந்து அரிசோனா பாலைவனத்துக்கு ஓர் அணி போனது. பணத்தில் அது தோல்வி. கடைசி இரண்டு பருவம் ஐயாயிரம் பேருக்குமேல் கொள்ளாத ஒரு பல்கலைக்கழக அரங்கில் ஆடி, 2024-ல் யூட்டாவுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த அணியைப் பார்த்து அரிசோனாவில் வளர்ந்தவன்தான் ஆஸ்டன் மேத்யூஸ். 2016-ல் எங்கள் டொரண்டோ அணி முதல் ஆளாக எடுத்தது அவனைத்தான். 2023-24 பருவத்தில் 69 கோல் போட்டான். அணி நஷ்டம், ஆட்டத்துக்கு லாபம். அந்த அணி அங்கே போகாமல் இருந்திருந்தால் அவன் பேஸ்பால் மட்டையோடு நின்றிருப்பானோ என்னவோ.

ஆகவே என் கட்சி இதுதான்: சேர்க்கலாம், அவசரப்பட்டு அல்ல. ஒரு சமயத்தில் இரண்டுக்குமேல் வேண்டாம். அரங்கம் தயாராகி, இருபது வருஷம் ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த ஊரிலேயே பிள்ளைகள் பழகும் ஐஸ் தளங்களுக்கு ஒதுக்கட்டும். கியூபெக் மக்கள் 18,000 பேர் உட்காரும் அரங்கத்தைப் பொதுப்பணத்தில் கட்டி 2015-ல் திறந்தும், இன்னும் அணி கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் பெயரைக் காசோலையின் கனத்தை மட்டும் வைத்துத் தள்ளிவிடக் கூடாது.

பொறுமைக்கு ஒரு சாட்சி சொல்லி முடிக்கிறேன். 1974-ல் சேர்ந்த வாஷிங்டன் அணி முதல் பருவத்தில் 80 ஆட்டத்தில் எட்டே எட்டுதான் ஜெயித்தது. ஊரே சிரித்தது. ஆனால் அணியை யாரும் இடம் மாற்றவில்லை. 44 வருஷம் கழித்து, 2018-ல், அவர்கள் முதல் கோப்பையை வென்றார்கள். இறுதிப் போட்டியில் தோற்றது யார் தெரியுமா? 50 கோடி கொடுத்து வந்த அதே லாஸ் வேகாஸ். அன்று வாஷிங்டன் தெருவில் அழுத கிழவர்களை டி.வி.யில் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் டொரண்டோவுக்கு அந்த நாள் எப்போது வருமோ!

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.