டிசைனைக் கடைசியில் பாருங்கள்

சென்னை ராயப்பேட்டையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கார் சாமான் கடைகளுக்குப் பேர்போன தெரு. அலாய் சக்கரம் வாங்க அங்கே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டிசைனைத்தான். ஐந்து கம்பியா, பத்துக் கம்பியா, கறுப்பா, வெள்ளியா என்று. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை எவை, அப்படியே காரைத் தாழ்த்தலாமா வேண்டாமா என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

டயரிலிருந்து தொடங்குவோம். மாருதி ஸ்விஃப்டின் உயர்ரக மாடலில் டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 621 மி.மீ. சொச்சம் வரும். ரிம்மை 16 அங்குலமாக்கினால் 195/55 டயர் போட வேண்டும். அதன் விட்டமும் ஏறத்தாழ 621தான். பலேனோவின் உயர்ரக மாடலில் கம்பெனியே இந்த அளவைத்தான் போட்டுத் தருகிறது. 17 அங்குலத்துக்குப் போனால் 205/45, விட்டம் 616. இந்த மொத்த விட்டம் அதிகம் மாறாமல் இருந்தால்தான் ஸ்பீடோமீட்டர் உண்மை சொல்லும்.

விட்டம் மாறவில்லை, சரி. ஆனால் பக்கச்சுவர்? 120 மி.மீ. இருந்தது 107 ஆகி, பிறகு 92 ஆகிவிட்டது. மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் சக்கரம் விழும்போது, ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே இருக்கிற ரப்பரும் காற்றும் அவ்வளவுதான். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். வார்ப்பு அலாய் பலமான அடியில் விரிசல் விடும். அந்த விரிசலுக்கு வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, புதிது போல விற்பதும் நடக்கிறது. பழைய அலாய் மலிவாகக் கிடைக்கிறதென்றால் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், நம் சாலைகளுக்கு ஓர் அங்குலம் கூட்டுவது போதும். அதற்கு மேல் போவது ஆசைக்கு; வசதிக்கு அல்ல.

அடுத்தது பொருத்தம். நட்டுகளின் மையங்களை இணைக்கும் வட்டத்தின் விட்டத்தைக் கடைகளில் பி.சி.டி. என்பார்கள். ஸ்விஃப்டிலும் ஹோண்டா சிட்டியிலும் நான்கு நட்டு, 100 மி.மீ.; இன்னோவாவில் ஐந்து நட்டு, 114.3. ஸ்விஃப்ட், சிட்டி இரண்டுக்கும் பி.சி.டி. ஒன்றுதானே, இதன் அலாயை அதற்குப் போடலாமே என்று தோன்றும். ஆனால் நடு ஓட்டை வேறு. ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழைகிற காரின் பாகம்தான் ஹப்; மாருதியினுடையது 54.1 மி.மீ., ஹோண்டாவினுடையது 56.1. மாருதி ரிம் ஹோண்டாவில் ஏறவே ஏறாது. ஹோண்டா ரிம் மாருதியில் ஏறும்; ஆனால் 2 மி.மீ. இடைவெளியோடு நிற்கும். அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் சக்கரம் மிகச் சரியாக நடுவில் உட்காராது, வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்து செய்து பார்த்தும் நடுக்கம் போகவில்லை என்று அலைகிறவர்கள் இந்த இடத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

நட்டும் கவனம். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு அடியில் உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவப் பள்ளம். உருண்டை நட்டைக் கூம்புப் பள்ளத்தில் முறுக்கினால் இறுகிய மாதிரிதான் இருக்கும், பிடிமானம் இருக்காது. அலாயோடு சேர்த்து அதற்கேற்ற நட்டையும் கேட்டு வாங்குங்கள். போட்டு நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை திரும்ப இறுக்கிவிடுங்கள்.

ஆஃப்செட் என்ற எண்தான் பலரையும் குழப்புகிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. ரிம்மின் அகலத்தை ஓர் அங்குலம் கூட்டி, ஆஃப்செட்டை 10 மி.மீ. குறைத்தால், சக்கரத்தின் வெளி விளிம்பு முன்பைவிட 22 மி.மீ.க்கு மேல் வெளியே வந்துவிடும். பார்க்க முறுக்காகத்தான் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் மட்கார்டு விளிம்பு டயரைச் சுரண்ட ஆரம்பிக்கும், வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும்.

எடையையும் கேளுங்கள். ஒரு கிலோவைத் தோளில் சுமப்பதும் கணுக்காலில் கட்டிக்கொண்டு நடப்பதும் ஒன்றல்ல. ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை அப்படிப்பட்டது. அலாய் என்றாலே லேசு என்று நினைக்காதீர்கள். இரும்பு ரிம்மைவிடக் கனமான பெரிய அலாய்களும் உண்டு. தரத்துக்கு, ரிம்மில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானிய முத்திரைகள் வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, தயாரிப்பாளர் தாமே சோதித்துப் போட்டுக்கொள்வது. இரண்டாவது, தனி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்வது.

இனி, காரைத் தாழ்த்துவது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணை உறுத்துகிறது என்பதுதான் பலர் சொல்லும் காரணம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதையில் ஓடும் கார்கள் தாழ்வாகத்தானே இருக்கின்றன என்பார்கள். உண்மைதான். அங்கே வேகத்தடை கிடையாது.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் தடைகளுக்கு இந்த வரையறை தெரியாது. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ., அதுவும் ஆள் ஏறாதபோது. 30 மி.மீ. தாழ்த்தி, ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் மிச்சம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழ்த்தினால் வளைவில் கார் சாயாது என்பது பாதி உண்மை. ஈர்ப்பு மையம் இறங்குவது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் இருப்பது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்கிற சஸ்பென்ஷன். காரை இறக்கும்போது அதன் கீழ்க் கையின் கோணம் மாறுகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடக்கூடச் சாய்க்கும் விசையும் கூடும். கடினமான ஸ்பிரிங் போட்டு அதை மறைக்கிறோம். அந்தக் கடினம் நம் இடுப்புக்கு வந்து சேர்கிறது. சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வதால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். பல கார்களில் அந்தச் சாய்வைத் திருத்தக் கம்பெனி வழி வைத்திருக்காது.

இதைவிட மோசம், செலவைக் குறைக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்காது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவவும் கூடும். கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பதோ எஃகின் பதத்தையே கெடுத்துவிடும். இதை யார் பரிந்துரைத்தாலும் அந்தப் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத உதிரிகளைப் பொருத்தினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே தினமும் ஓட்டுகிற காரைத் தாழ்த்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அளவான அலாய் போடுங்கள், காப்பீட்டு பாலிசியில் அதைச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். ஒரு வேண்டுகோள்: கழற்றிய பழைய ரிம் நான்கையும் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். காரை விற்கும்போதும், ஓர் அலாய் விரிசல் விட்டு மாற்று கிடைக்கும்வரையும் அவை தேவைப்படும். நட்டுகளையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.