கீழ்த்தட்டில் ஹாங்காங்

விடுதிச் சாம்பாரைக் குடித்தும் உயிரோடு இருக்கும் நண்பர்களே, "ஹாங்காங்கா! லட்சக்கணக்குல ஆகியிருக்குமே?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள். அதற்கான பதில்தான் இந்த உரை.

நாங்கள் போனது 2018-ல். நாங்கள் என்றால் நானும் என் அறைத்தோழனும். பெயரைச் சொல்லக் கூடாதென்று உத்தரவு. மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டு இழந்தவன். "குறையறதை நான் போடறேன்டா" என்றேன். "அப்படின்னா நீ மட்டும் போயிட்டு வா" என்றான். ஆகவே அவனால் எவ்வளவு முடியுமோ, அதுதான் இருவருக்கும் பட்ஜெட் என்று முடிவாயிற்று.

விசாக் கட்டணம் கிடையாது. இந்தியர்கள் இணையத்தில் முன்கூட்டியே பதிந்துகொண்டால் 14 நாள் வரை தங்கலாம். நாதன் சாலையில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்று 1961-ல் கட்டிய 17 மாடிக் கட்டடம். உள்ளே சின்னச் சின்ன விடுதிகள், செல்போன் கடைகள், நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகள். ஒற்றைப்படை மாடிகளுக்கு ஒரு லிஃப்ட், இரட்டைப்படைக்கு இன்னொன்று. எங்கள் அறையில் ஒருவர் சட்டை மாட்டினால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். "நம்ம ஹாஸ்டல் ரூம் அரண்மனைடா" என்றான்.

அங்கிருந்து பொடிநடையாகப் போனால் துறைமுகம், பழைய ரயில் நிலையத்தின் மணிக்கூண்டு, பக்கத்திலேயே ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறை. கவுலூனிலிருந்து எதிரே ஹாங்காங் தீவுக்குப் பத்து நிமிஷத்துக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். மேல்தட்டுக்கு ஒரு கட்டணம், கீழ்த்தட்டுக்கு அதைவிடக் குறைவு. நான் மேலே போக நினைப்பதற்குள் அவன் கீழே நடந்துவிட்டான். எஞ்சின் சத்தம், டீசல் வாசனை. ஆனால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்! படகுக்கு இரண்டு முனையும் முன்பக்கம்தான், திரும்பத் தேவையில்லை. இருக்கையின் சாய்மானத்தைப் புரட்டிவிட்டுத் திசை மாற்றிக்கொள்ளலாம். அதை அவன் நாலு தடவை புரட்டிப் பார்த்தான்.

இந்தப் படகு சர்வீஸை 1888-ல் தொடங்கியவர் தொராப்ஜி நவ்ரோஜி என்ற பம்பாய்ப் பார்சி. 1966-ல் மேல் வகுப்புக் கட்டணத்தை 20 சென்டிலிருந்து 25 சென்ட் ஆக்கப் போகிறார்கள் என்றதும், ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் இருந்தார். பிறகு அது கலவரமாகி ஓர் உயிரும் போயிற்று. "அஞ்சு சென்ட்டுக்கா இவ்வளவு?" என்றேன். "ஒண்ணு ஏறினா எல்லாம் ஏறும்னு பயந்திருப்பாங்கடா. உனக்குப் புரியாது" என்றான். நான் பேசவில்லை.

தீவில் 1904 முதல் ஓடும் டிராம். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் காசு போட வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். மலையுச்சிக்குப் பீக் டிராம் இருக்கிறது, எல்லோரும் அதற்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் 15-ஆம் எண் மாடி பஸ்ஸில் மேலே உட்கார்ந்து வளைந்து வளைந்து ஏறினோம். செலவு அதில் ஒரு பங்குதான். இரவு 8 மணிக்குக் கரையில் நின்றால் எதிர்க்கரைக் கட்டடங்கள் முழுக்க ஒளிக்காட்சி. அதற்குக் காசே இல்லை.

கடைசி நாள் மாலை படகுத்துறையில் "நில்லுடா" என்றான். கையில் மிஞ்சியிருந்த சில்லறையை எண்ணி, இரண்டு பேருக்கும் அவனே டோக்கன் வாங்கி வந்தான். மேல்தட்டுக்கு! டீசல் வாசனை இல்லாமல் எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.