புது வண்டியும் பழுதுச் சீட்டும்

காவிரிக்கரை உழவர் விதைநெல்லில் ஒரு பிடியை ஊறவைத்து முளைப்புப் பார்த்த பின்னரே விதைப்பர். மோட்டார் காரை அவ்வாறு சோதிக்க இயலாது. குறை ஓடிய பிறகே வெளிப்படும். அதனால்தான் உத்தரவாதச் சீட்டு தரப்படுகிறது.

குத்தாலத்தில் என் பழைய மாணவர் ஒருவர், கடன் பெற்று வாடகைக்கு ஓட்டக் கார் வாங்கினார். மூன்றாம் வாரமே மயிலாடுதுறை வழியில் எஞ்சின் கொதித்தது. தவணையோ காத்திராது. உள்ளூரிலேயே பிரித்துப் பார்க்கத் துணிந்தார், நான் தடுத்தேன். வெளியார் கைபட்டால், பழுது ஆலையில் பிறந்ததா, பிரித்ததால் நேர்ந்ததா என்னும் வாதம் எழும். விற்றவருக்கு எழுத்தில் அறிவிக்கச் செய்தேன். ஒவ்வொரு முறையும் நாள், ஓடிய தொலைவு, கண்ட குறை ஆகியவற்றைக் குறித்த சீட்டைப் பெற்றார். மூன்றாம் முறை தண்ணீர்ப் பம்பின் கசிவு கண்டறியப்பட்டு, விலையின்றி மாற்றப்பட்டது.

முழு வண்டியையும் மாற்றக் கேட்கலாகாதா என்பீர்கள். 2006இல் கிளட்சுப் பழுது பற்றிய ஒரு வழக்கில், உத்தரவாதத்தின்படி குறையுள்ள உறுப்பை மாற்றுவதே கடமை என உச்ச நீதிமன்றம் கூறிற்று. உறுப்பும் மாற்றித் தரப்படாவிடில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்தில் முறையிடலாம். பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவரும் நுகர்வோரே.

வழி காட்டாத கணக்கின் விடைக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. வழக்கிலும் அவ்வாறே, சீட்டுகளைச் சேர்த்து வைத்தவரின் சொல்லே நிலைக்கும்.