கார்ட்டூன் படம்: நாமே செய்யலாமா, ஆள் வைத்துச் செய்யலாமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம ராகி சத்து மாவுக்கும், சாமை அரிசிக்கும், புளிக்கும் விளம்பரமா ஒரு அனிமேஷன் வீடியோ செய்யணும்னு போன கூட்டத்தில் பேச்சு வந்தது. வெளியே கொடுத்துச் செய்யலாம்னு பாதிப் பேர். நம்ம பிள்ளைங்களே போனில் செய்வாங்கன்னு பாதிப் பேர். தீர்மானம் எழுதாமலே கூட்டம் முடிஞ்சது. இதை விசாரிச்சுட்டு வந்து சொல்லுன்னு என்கிட்ட விட்டாங்க. விசாரிச்சதைச் சொல்றேன்.

அனிமேட்டர்னு சொன்னதும் நம்மில் மூத்தவங்களுக்குக் குழுவை நடத்துற ஊக்குநர் அக்கா ஞாபகம்தான் வரும். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்திலிருந்து அந்தப் பேர் நமக்குப் பழக்கம். இந்த அனிமேஷன் வேற. பொம்மையோ, படமோ, எழுத்தோ நகர்ற மாதிரி காட்டுறது.

அது எப்படி நகருதுன்னு தெரிஞ்சாத்தான் ஏன் இவ்வளவு பணம் கேட்கிறாங்கன்னு புரியும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம் ஓடுது. கையால் வரையும் கார்ட்டூனில் ஒரே படத்தை ரெண்டு தடவை காட்டி, விநாடிக்கு 12 படமா குறைச்சுக்குவாங்க. அப்படிப் பார்த்தாலும் 30 விநாடிக்கு 360 படம். இப்போ கம்ப்யூட்டர் பாதி வேலையைச் செய்யுது. ஆனாலும் பொம்மையின் கை எப்போ தூக்கணும், வாய் எப்போ அசையணும்னு ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேணும். அதனால் தொழில்காரங்க கேட்கிறதை அநியாயம்னு நான் சொல்ல மாட்டேன். நமக்கு அது கட்டுபடியாகுமாங்கிறதுதான் கேள்வி.

கணக்குக்கு வர்றேன். நாங்க விசாரிச்ச ஒரு இடத்தில் 1 நிமிஷப் படத்துக்கு ரூ.15,000 சொன்னாங்க. அதுக்கு மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரூ.2,700. மொத்தம் ரூ.17,700. நம்ம அரை கிலோ சத்து மாவு பாக்கெட்டில் எல்லாச் செலவும் போக நிற்கிறது ரூ.20. அப்போ 885 பாக்கெட் கூடுதலா வித்தாத்தான் படத்துக்குப் போட்ட பணமே திரும்பும். நாம மாசம் விக்கிறது 300 பாக்கெட். கிட்டத்தட்ட மூணு மாச லாபம் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளே போயிடும்.

அந்தப் பணம் யாருதுன்னும் யோசிக்கணும். அது நாம வாரா வாரம் கட்டின சேமிப்பும், கடனுக்குக் கட்டின வட்டியும். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிறப்போ உள் கடன் கேட்டு எத்தனை பேர் வர்றோம்? ரூ.17,700 இருந்தா ரெண்டு பேருக்காவது கொடுக்கலாம். அதை எடுத்துப் படத்தில் போடுறோம்னா அந்த ரெண்டு பேருக்கும் நம்மால் பதில் சொல்ல முடியணும்.

அப்போ நாமே செஞ்சா சும்மா வந்துடுமான்னா, அதுவும் இல்லை. போனில் செய்ற ஆப் இலவசமா கிடைக்குது. ஆனா பல இலவச ஆப்பில் படத்தின் மூலையில் அவங்க பேர் வந்து நிற்கும். அது போகணும்னா பணம் கட்டணும். அதைவிடப் பெரிய செலவு நேரம். ரெண்டு பேர் 4 நாள் உட்கார்ந்தா, ஆளுக்கு ஒரு நாள் கூலி ரூ.400 வெச்சாலே ரூ.3,200. "நம்ம வீட்டுப் பொண்ணுதானே, செஞ்சு கொடுக்கட்டும்"னு சொல்றது எனக்குச் சம்மதம் இல்லை. வெளியாள் செஞ்சா வேலை, நம்ம பொண்ணு செஞ்சா பொழுதுபோக்கா? நம்ம உழைப்புக்குக் கணக்கு வேணும்னுதானே குழுவே ஆரம்பிச்சோம்? நாமே செஞ்சாலும் செய்றவங்களுக்குக் கூலி போட்டுத்தான் கணக்கு பார்க்கணும்.

இந்த ரெண்டில் எதுன்னு முடிவு பண்றதுக்கு நான் நாலு கேள்வி வெச்சிருக்கேன்.

முதல் கேள்வி: இந்தப் படம் எத்தனை நாள் ஓடும்? பொங்கலுக்குப் பத்து நாள் தள்ளுபடி, சந்தையில் கடை போடுறோம்கிற மாதிரி செய்திக்குப் பத்து நாள்தான் ஆயுசு. அதை நாமே போனில் செய்யலாம். நம்ம மாவு எப்படித் தயாராகுது, நம்ம கூட்டமைப்பு என்னங்கிற படம் ரெண்டு, மூணு வருஷம் ஓடும். அதுக்குப் பணம் போடுறதில் நியாயம் இருக்கு.

ரெண்டாவது: யார் பார்க்கப் போறாங்க? ஏற்கனவே நம்மகிட்ட வாங்குறவங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறதுன்னா, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அவங்களுக்கு நம்ம மாவின் ருசி தெரியும். சரஸ் கண்காட்சியில் பெரிய திரையில் போடுறது, மொத்தமா வாங்குற கடைக்காரருக்குக் காட்டுறதுன்னா, கோணல் மாணலா இருந்தா பொருளும் அப்படித்தான் இருக்கும்னு நினைப்பாங்க.

மூணாவது: இதுக்குப் பொம்மை வேணுமா? நம்ம அக்கா ராகியை வறுக்குற கையைக் காட்டினா அதுக்கு இருக்குற நம்பிக்கை பொம்மை வறுத்தா வராது. அதுக்குப் போன் கேமராவே போதும். கேமராவில் காட்ட முடியாததுக்குத்தான் அனிமேஷன். ராகி ஊறி முளை விடுறதுக்கு ஒண்ணு, ரெண்டு நாள் ஆகும். அதை 5 விநாடியில் காட்டணும்னா படம் வரையலாம். ஒரு உறுப்பினரோட சேமிப்பு எப்படிச் சுத்தி இன்னொருத்தருக்குக் கடனாப் போகுதுன்னு புது உறுப்பினருக்கு விளக்கணும்னா அதுக்கும் அனிமேஷன் நல்லது.

நாலாவது: அப்புறம் யார் மாத்துவாங்க? விலை ஏறும், பாக்கெட் மாறும், போன் நம்பர் மாறும். வெளியே செஞ்ச படத்தில் ஒவ்வொரு மாத்தத்துக்கும் மறுபடி காசு. அதனால் நீண்ட நாள் ஓடுற படத்தில் விலை போடக் கூடாது. நம்பரும் கூட்டமைப்பு நம்பராத்தான் இருக்கணும். ஒரு ஆளோட சொந்த நம்பரைப் போட்டா அவங்க பொறுப்பு மாறினதும் ஆர்டர் எல்லாம் அவங்க வீட்டுக்கே போகும்.

நாமே செய்றதுன்னா சில விஷயம் கவனிக்கணும். ஒரு படத்தில் ஒரு சேதிதான் சொல்லணும். 30 விநாடிக்கு நிதானமாப் பேசினா 50, 55 வார்த்தைதான் வரும். கடிகாரம் வெச்சுப் படிச்சுப் பார்த்தேன். முதலில் நோட்டில் எழுதி, வார்த்தையை எண்ணி, வேண்டாததை அடிச்சுட்டு அப்புறம் ஆப்பைத் திறக்கணும்.

குரல் பதிவு பண்றப்போ ஃபேனை நிறுத்தணும். துணி மூட்டை, மெத்தை இருக்கிற சின்ன அறையில் பேசினா எதிரொலி குறையும். மிஷின் குரலைவிட நம்ம குரல் மேல். நம்ம ஊர்ப் பேச்சிலே பேசினாத்தான் நம்ம பொருள்னு தெரியும். நிறையப் பேர் சத்தம் வைக்காம பார்க்கிறதால், சொல்றதை எழுத்தாவும் போடணும்.

அந்தத் தமிழ் எழுத்தைக் கண்டிப்பா சரிபார்க்கணும். சில ஆப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். 'கொள்ளு'ங்கிறது படிக்கவே முடியாத மாதிரி உடைஞ்சு நிற்கும். வேற எழுத்துரு மாத்திப் பார்க்கணும். போனில் பார்க்கிறதுக்கு நீட்டு வாக்கில், 9:16 அளவில் செய்யணும். வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினா படம் மங்கும். டாக்குமென்ட்டா அனுப்பினா மங்காது.

வரையத் தெரியாதேன்னு யாரும் யோசிக்க வேண்டாம். போனை ஆடாம நிறுத்தி வெச்சு, மேஜை மேலே ராகியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி நகர்த்திப் போட்டோ எடுத்து ஓட்டினா, தானியம் தானா ஓடி வந்து பாக்கெட்டில் ஏறுற மாதிரி தெரியும். இதுக்கு ஸ்டாப் மோஷன்னு பேர். 10 விநாடிக்கு 120 போட்டோ. பொறுமைதான் முதலீடு. அது நமக்குப் பஞ்சமில்லை.

வெளியே கொடுக்கிறதுன்னா, வாய்ப்பேச்சில் கொடுக்கக் கூடாது. அவங்க முன்னாடி செஞ்ச படம் ரெண்டைக் கேட்டுப் பார்க்கணும். எத்தனை விநாடி, எத்தனை நாள், எத்தனை தடவை திருத்தம் இலவசம், குரல் யாரோடதுன்னு எழுதி வாங்கணும். பணத்தை மூணு தவணையா கொடுக்கணும்: ஆரம்பத்தில் கொஞ்சம், கதையும் படமும் நாம ஒத்துக்கிட்ட பிறகு கொஞ்சம், முடிஞ்சு கைக்கு வந்த பிறகு மீதி. படத்தோட உரிமை நமக்குன்னும், கம்ப்யூட்டரில் வேலை செஞ்ச மூல ஃபைலையும் கொடுக்கணும்னும் எழுதிக்கணும். அது கையில் இருந்தா நாளைக்கு வேற ஆள் வெச்சும் திருத்தலாம்.

பாட்டு விஷயம் ரெண்டு பக்கத்துக்கும் பொது. சினிமாப் பாட்டை எடுத்துப் போடக் கூடாது. டிவியில் வர்ற கார்ட்டூன் பொம்மையை அப்படியே வரையவும் கூடாது. 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம் இருக்கு.

அதைவிட முக்கியமா ஒண்ணு. நாங்க விசாரிச்ச ஒரு இடத்தில் மாதிரிக்கு எழுதிக் கொடுத்த வசனத்தில், "இந்த மாவு சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்"னு இருந்தது. அப்படிப் போட்டாத்தான் ஓடும்னு சொன்னாங்க. வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டோம். இன்ன இன்ன நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954-லேயே சட்டம் வந்திருக்கு. சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கு. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும்னு சொல்லக் கூடாதுன்னு 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதியும் சொல்லுது. சட்டத்தை விடுங்க, அதை நம்பி ஒரு அம்மா மாத்திரையை நிறுத்திட்டா அந்தப் பாவம் யாருக்கு? ராகியில் சுண்ணாம்புச் சத்து இருக்கு. முளைகட்டி, வறுத்து, அரைச்சது. அது போதும், உண்மையும் அதுதான். படத்தை யார் செஞ்சாலும் அதில் வர்ற வார்த்தைக்கு நாமதான் பொறுப்பு. நம்ம 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்தான் பாக்கெட்டில் இருக்கு, படம் செஞ்சவங்க பேர் இல்லை.

அதனால் என் யோசனை இது. மொத்தமா ஒரு பக்கம் சாய வேண்டாம். கதையும் குரலும் போட்டோவும் எப்பவும் நம்மளோடதா இருக்கட்டும். பொங்கல் விற்பனைக்கு 30 விநாடியில் ஒரு படம் நாமே செய்வோம். செய்ற ரெண்டு பிள்ளைங்களுக்கும் 4 நாள் கூலி தீர்மானத்தில் எழுதிக் கொடுப்போம். அந்த ரூ.3,200 திரும்ப 160 பாக்கெட் போதும்.

படம் வந்ததும் கடையில் ஒரு நோட்டு வைப்போம். வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், போனில் கேட்கிறவங்ககிட்டயும், "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?"ன்னு கேட்டு, வீடியோ பார்த்து வந்தவங்களுக்கு ஒரு கோடு போடுவோம். லைக் எத்தனைன்னு எண்ண வேண்டாம். பாக்கெட் எத்தனைன்னு எண்ணுவோம். மூணு மாசம் கழிச்சு அந்த நோட்டைக் கூட்டத்தில் விரிச்சு வெச்சுப் பார்ப்போம். 160 கூட தாண்டலைன்னா, குறை படத்திலா, பாக்கெட்டிலா, விலையிலான்னு முதலில் தேடணும். நல்லா தாண்டியிருந்தா, கண்காட்சிக்கும் கடைக்காரருக்கும் காட்ட ஒரு பெரிய படத்துக்கு வெளியே கொடுப்போம். அப்போ என்ன கேட்கணும், எது நல்லா இருக்கு, எதுக்கு எவ்வளவு உழைப்புன்னு நமக்கே தெரிஞ்சிருக்கும். யாரும் நம்மை ஏமாத்த முடியாது.

ரூ.17,700 நமக்குப் பெரிய பணம். அதைச் செலவு பண்ணவே கூடாதுன்னு நான் சொல்லலை. அடுத்த ஜூனில் கடன் கேட்டு வர்ற சகோதரி முன்னாடி நோட்டைக் காட்டி, இதனால்தான் செலவு பண்ணோம்னு சொல்ற மாதிரி பண்ணுவோம்னு சொல்றேன்.

இந்த யோசனையைத் தீர்மானமா எடுத்துக்கிறதும், மாத்துறதும் உங்க எல்லார் கையிலும் இருக்கு.