பெயர்ப்பலகை எழுதியவர் காத்த பெருஞ்செல்வம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



வணிகருள் வள்ளல் என்றவுடன் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று அழகப்பச் செட்டியார். 1909இல் கோட்டையூரில் பிறந்த அவர், தாம் ஈட்டிய பெரும் பொருளைக் கல்விக்கென வாரி வழங்கினார். 1947இல் காரைக்குடியில் அவர் நிறுவிய கல்லூரியின் தொடர்ச்சியாக இன்று ஒரு பல்கலைக்கழகமே அங்கு விளங்குகிறது. அவர் புகழை நாடறியும். அதே கோட்டையூரில், ஈராண்டு இடைவெளியில், 1911இல் பிறந்த மற்றொரு வணிகரை நாடு அவ்வளவாக அறியாது. அவரே ரோஜா முத்தையா செட்டியார்.

அவருக்கு ஆலைகள் இல்லை, கப்பல்கள் இல்லை. ஓவிய ஆர்வத்தோடு சென்னைக்கு வந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் சிறுதொழிலை நடத்தினார். பிறர் கடைகளின் பெயரை அழகுற எழுதிக் கொடுத்து வாழ்ந்தவர் பொருளைக் கொண்டு சென்று சேர்த்த இடம் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள்.

1900இல் திறக்கப்பட்ட அச்சந்தை 1985இல் தீக்கிரையானது. அங்கு இன்று நிற்பது புறநகர் இரயில் நிலையம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வண்டியேற நாள்தோறும் அங்கு விரைவோர் பலர் இவ்வவையில் இருக்கக்கூடும். கால் வைக்கும் அந்த இடத்தில்தான் தமிழின் அச்சுச் செல்வம் எடைக்கு எடை விலைபோனது; அங்கேதான் ஒருவர் குனிந்து அதைப் பொறுக்கி எடுத்தார்.

அவர் எடுத்தவை காப்பியங்களும் இலக்கணங்களும் மட்டுமல்ல. நாடக விளம்பரத் தாள், திரைப்படப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், ஓரிரு இதழ்களோடு நின்றுபோன பத்திரிகை, குஜிலிக் கடைப் பதிப்பு ஆகிய யாவும் அவருக்கு நூல்களே. புலவர்கள் ஏறெடுத்தும் பாராத தாள்களை அவர் ஏட்டுச் சுவடிபோல் போற்றினார். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலையைத் தேடினார். முத்தையா அச்சுத்தாளைத் தேடினார். ஓலையின் அருமை அந்நாளிலேயே சிலருக்குத் தெரிந்திருந்தது. நேற்றைய துண்டறிக்கையின் அருமை எவருக்கும் தெரியவில்லை.

தாளின் ஆயுளோ குறைவு. மரக்கூழால் செய்த தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கும். எஞ்சியதைக் கரையானும் இராமபாணமும் உண்ணும். இவற்றோடு போராடி அவர் காத்தவை, நூல்களும் இதழ்களும் பிறவுமாக, ஏறத்தாழ ஒரு இலட்சம். கோட்டையூருக்குத் திரும்பித் தம் இல்லத்தையே நூலகமாக்கிய அவர், தொகுத்ததைப் பூட்டி வைக்கவில்லை. உள்நாட்டினரும் வெளிநாட்டினருமாய் ஆராய்ச்சியாளர் அவ்வூரைத் தேடி வந்தனர். வேறெங்கும் கிடைக்காத பதிப்பு அங்கே கிடைத்தது.

கொடை என்பது கையில் உள்ளதை எடுத்துக் கொடுப்பது மட்டுமன்று. பிறர் எறிந்ததை எடுத்து வைத்து, அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுப்பதும் கொடையே. பெற்றவர் வாழ்த்தும் குரல்கூட இவ்வகைக் கொடையாளரின் செவிக்கு எட்டுவதில்லை. வாழ்நாளில் இவர்களுக்குப் 'பழந்தாள் பித்தர்' என்னும் பட்டமே எளிதில் வாய்க்கும்.

1992இல் அவர் மறைந்தார். தொகுப்பு சிதறிவிடும் என்னும் நிலை. 1994இல் அதை விலை கொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியவர்கள் அதைக் கடல் கடத்தாமல் தமிழ் மண்ணிலேயே விட்டுவைத்தது பாராட்டத்தக்கது. எனினும், வாங்க நீண்டது கடலுக்கு அப்பாலிருந்த கை என்பதைத் தமிழ்ச் சமூகம் மறத்தல் ஆகாது.

அத்தொகுப்பு வந்து சேர்ந்த இடம் எது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த முகப்பேர். தரமணிக்குப் பெயரும்வரை, பல ஆண்டுகள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்பகுதியில்தான் இயங்கியது. நூல்கள் பட்டியலிடப்பட்டதும் நுண்படச் சுருளில் பதிவானதும் இங்கேதான். எந்திரங்களின் ஊர் என்று பெயர் பெற்ற இவ்வட்டாரத்திற்கு இது சிறு பெருமையன்று. ஆயினும், தம் தெருவுக்கு அடுத்த தெருவில் அது இருந்ததை அறியாமலே வாழ்ந்தவர் எத்தனை பேர்!

இந்த நினைவு இன்றைய விழாவுக்கு ஏன் வேண்டும்? பத்தாண்டுகளில் இவ்வட்டம் எத்தனையோ அழைப்பிதழ்களை அச்சிட்டது. கவியரங்கக் கவிதைகளைப் படியெடுத்து வழங்கியது. உறுப்பினர் பலர் சொந்தச் செலவில் கவிதை நூல்கள் வெளியிட்டனர். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலின் ஒரு படி கன்னிமாரா நூலகத்துக்குச் சென்றிருக்கலாம். அழைப்பிதழும் துண்டறிக்கையும் எங்கே சென்றன? முதற்கூட்டத்தின் அழைப்பிதழ் இன்று எவர் இல்லத்திலேனும் உள்ளதா? முழுத்தொகுதி ஒன்று ஓரிடத்திலேனும் உண்டா?

முத்தையாவைப் போற்றச் சிலை வேண்டா, மாலை வேண்டா. அச்சிடும் ஒவ்வொன்றிலும் ஒரு படியை இவ்வட்டம் தனியே எடுத்து வைக்கட்டும். மற்றொரு படியை அவர் பெயர் தாங்கிய நூலகத்துக்கு அனுப்பட்டும். இம்மலரிலிருந்தே அது தொடங்கட்டும். பிறர் பெயரை எழுதியே வாழ்ந்த ஒருவருக்கு அதனினும் நல்ல நினைவுச் சின்னம் வேறில்லை.